நீரின் எலும்பு

சீன எழுத்தைக் கற்றுத்தரும் புத்தகங்கள் முதல் பாடத்திலேயே ஆசை காட்டிவிடுகின்றன. கூரைக்கு அடியில் ஒரு பெண்ணை வைத்தால் அமைதி. பெண்ணுக்குப் பக்கத்தில் பிள்ளையை நிறுத்தினால் நல்லது. இரண்டு மரம் தோப்பு, மூன்று மரம் காடு. இவ்வளவுதானா சீனம் என்று படிப்பவர் நிமிர்ந்து உட்காருகிறார். பத்தாம் பாடத்துக்குள் முதுகு வளைந்துவிடுகிறது. ஏனென்றால் சீன எழுத்துகளில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் படக்கதையே இல்லை. ஒரு பாதி பொருளைச் சுட்டும், மறு பாதி ஒலியைச் சுட்டும். பொருளைச் சுட்டும் பாதிதான் பெரும்பாலும் ரேடிக்கல். அதைத் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் அதை வைத்துக் கதை கட்டாதீர்கள் என்பது என் கட்சி.

ரேடிக்கல் வரிசை அகராதிக்காரர்கள் செய்த ஏற்பாடு. கி.பி. 100 வாக்கில் ஷூ ஷென் ஒன்பதாயிரத்துச் சொச்சம் எழுத்துகளை 540 தலைப்புகளில் பிரித்தார். 1615-இல் மெய் யிங்ஸுவோ அதை 214 ஆக்கினார். 1716-இல் முடிந்த காங்ஷி அகராதி நாற்பத்தேழாயிரம் எழுத்துகளை அதே 214-க்குள் அடைத்தது. ஆள் அதிகம், இலாகா குறைவு என்றால் பங்கீடு எப்படி நடக்கும் என்று நமக்குத் தெரியாதா? பூச்சி இலாகாவுக்குப் பாம்பு, தவளை, இறால் போக வானவில்லும் கூடுதல் பொறுப்பு. சட்டம் நீர்வளத்தில் இருக்கிறது, துப்பாக்கி மரத்தில். கல்லீரலுக்குள் நிலா தெரிகிறது. உண்மையில் அது இறைச்சி, எழுதி எழுதி இரண்டும் ஒரே உருவாகிவிட்டன. பொறாமையைக் குறிக்கும் இரண்டு எழுத்திலும் பெண் இருக்கிறாள். எழுத்தைச் செய்தவர்கள் ஆண்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பூச்சிக் குறி ஆதியில் பாம்பின் படம், வானவில்லைப் பழைய சீனர்கள் பாம்பாகவே கண்டார்கள், ஆகவே பங்கீட்டில் நியாயம் உண்டு என்று அறிஞர்கள் வாதிடலாம். உண்டுதான். ஆனால் அந்த நியாயம் விடை தெரிந்த பிறகுதான் புலப்படுகிறது.

கதை கட்டும் ஆசை வெளிநாட்டு மாணவருக்கு மட்டும் வந்த நோயும் அல்ல. பதினோராம் நூற்றாண்டில் சோங் அரசின் முதன்மை அமைச்சராக இருந்த வாங் ஆன்ஷி, எழுத்தின் ஒவ்வொரு உறுப்பிலும் பொருள் கண்டு ஒரு நூலே எழுதினார். அலை என்ற எழுத்தில் நீரும் தோலும் இருப்பதால் அலை நீரின் தோல் என்று அவர் விளக்க, கவிஞர் சூ ஷி, ‘அப்படியானால் வழுக்கல் நீரின் எலும்போ?’ என்று கேட்டதாகக் கதை. வழுக்கலுக்கான எழுத்தில் நீருக்குப் பக்கத்தில் எலும்புதான் இருக்கிறது. தோலும் எலும்பும் அங்கே வந்தது ஒலிக்காக. பேரரசை நடத்தியவரே இதில் வழுக்கினார் என்றால் மற்றவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

கதையென்றால் மனதில் நிற்குமே என்பார்கள். நிற்கும், எழுத்து மட்டும் நிற்காது. நீர் ரேடிக்கலைச் சுமக்கும் எழுத்துகள் நூற்றுக்கணக்கில் இருக்க, ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை கட்டப் புராணிகராலும் ஆகாது. மாறாக, ‘ச்சிங்’ என்ற ஓர் உறுப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். நீர் சேர்ந்தால் தெளிவு, மனம் சேர்ந்தால் உணர்ச்சி, பேச்சு சேர்ந்தால் வேண்டுகோள், சூரியன் சேர்ந்தால் மேகமற்ற வானம். ஏற்ற இறக்கம் மாறினாலும் நாலும் ‘ச்சிங்’தான். ரேடிக்கலுக்கு இங்கே ஆளை அடையாளம் காட்டும் வேலை மட்டும். அதைச் சுத்தமாகச் செய்கிறது. ஒலியும் நம்பத்தக்கதல்ல, ‘கோங்’ என்ற உறுப்பு ஆற்றில் ‘ஜியாங்’ என்றும் சிவப்பில் ‘ஹோங்’ என்றும் கெட்டுப்போயிருக்கிறதே என்று கேட்டால், ஒப்புக்கொள்கிறேன். ஆயிரக்கணக்கான ஆண்டுப் பேச்சில் தேய்ந்தது. தேயாத இடத்தில் இந்த முறை எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேதியியலுக்குப் போக வேண்டும். ஆக்சிஜனில் காற்று ரேடிக்கலுக்குள் ஓர் ஆடு நிற்கிறது, ‘யாங்’ என்ற ஒலிக்காக. டங்ஸ்டனில் உலோகத்துக்குப் பக்கத்தில் ‘வூ’ என்று ஒரு காக்கை. 2017-இல் நான்கு புதிய தனிமங்களுக்கு எழுத்து செய்தபோதும் இதே வழிதான். டென்னசினுக்குக் கல் ரேடிக்கலும் ஒரு வயலும் கிடைத்தன. வயலைச் சீனத்தில் ‘த்யென்’ என்பார்கள், மற்றபடி டென்னசினுக்கும் விவசாயத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.