ரிங் இல்லாத பீமும் சில கேள்விகளும்

கே: "பீம் நல்ல உயரம், ரிங் கம்பி வீண் செலவு" என்கிறார் எங்கள் காண்டிராக்டர். நம்பலாமா? (வாசகர், மாசாய்)

ப: அந்த பீமுக்கு அடியில் பாய் விரித்துத் தூங்க அவர் தயாரா என்று கேளுங்கள். உயரம்தான் இங்கே ஆளை ஏமாற்றும். மலேசியாவில் பின்பற்றப்படும் யூரோகோட் 2 கணக்குப்படி, ரிங் இல்லாத பீமின் ஆழத்தை 200 மி.மீட்டரிலிருந்து 800 ஆக்கினால், கம்பி விகிதம் மாறாதபோது, வெட்டுவிசை (பீமைச் சாய்வாகப் பிளக்கப் பார்க்கும் விசை) தாங்கும் திறன் மூன்று மடங்குதான் ஆகும். நான்கு மடங்கு கான்கிரீட்டுக்குக் காசு, மூன்று மடங்கு வலு! அமெரிக்காவில் ஓஹாயோ மாநிலத்து ஷெல்பியில் 1955-இல் ஒரு விமானப்படைக் கிடங்கின் கூரை இடிந்தது. பீம்கள் சுமார் 90 செ.மீ. உயரம், முறிந்த இடத்தில் ரிங் கிடையாது. கவிழ்க்கக் கூரையின் சொந்த எடையே போதுமாக இருந்தது.

கே: எங்கள் மாடித் தளத்தில் ரிங்கே இல்லையே, ஐயா? (வாசகி, ஜொகூர் பாரு)

ப: நிம்மதியாக இருங்கள். தளம் கூட்டுக்குடும்பம், ஓரிடம் சோர்ந்தால் பக்கத்துக் கான்கிரீட் பாரத்தை வாங்கிக்கொள்ளும். அதனால் விதியே விலக்கு தருகிறது. 2 மீட்டர்வரை நீளமுள்ள லிண்டலுக்கும் அதே சலுகை. மிகத் தடித்த தளம் வேறு கதை. 2006-இல் கனடாவின் லவால் மேம்பாலம் விழுந்து 5 பேர் இறந்தார்கள். கம்பிகள் இடம்மாறிக் கட்டப்பட்டிருந்தன. தடித்த அந்தத் தளத்தில் வெட்டுவிசைக்கென்று கம்பியே இல்லை.

கே: ரிங் இல்லாவிட்டால் எதுதான் தாங்குகிறது? மகன் ஸ்கூடாய் யூ.டி.எம்.மில் சிவில் படிக்கிறான், கேட்டால் மழுப்புகிறான். (வாசகர், கூலாய்)

ப: மேலே விரிசல் எட்டாத கான்கிரீட், விரிசலின் இரு கரையிலும் ஒன்றையொன்று கவ்வும் ஜல்லி, அடியில் ஓடும் கம்பி. யாருக்கு எத்தனை பங்கு என்பதில் பேராசிரியர்களுக்கே வழக்குத் தீரவில்லை, பையனைத் திட்டாதீர்கள். டொராண்டோவின் ஆய்வாளர் கானி 1964-இல் எழுதிய கட்டுரைக்கு 'வெட்டு முறிவின் புதிரும் அதன் விடையும்' என்ற பொருளில் தலைப்பிட்டார். புதிர் இன்னும் சௌக்கியம்.

கே: வளைந்து முறிவது, வெட்டுப்பட்டு முறிவது, எது மேல்? (வாசகர், பத்து பகாட்)

ப: வளைவுதான். தொய்ந்து, நடுவில் கீறல் காட்டி, ஓட அவகாசம் தரும். வெட்டு சாய்வாகப் பிளக்கும்; நோட்டீஸ் கொடுக்காது.

கே: ஜல்லிக்குப் பதில் செம்பனைக் கொட்டை ஓடு போடலாமாமே? (வாசகி, குளுவாங்)

ப: மலேசியப் பல்கலைக்கழகங்கள் நெடுநாளாக ஆராய்கின்றன. இலகு ஜல்லியை விரிசல் சுற்றிப் போகாமல் குறுக்கே பிளக்கும், கவ்வல் குறையும். அதனால் விதி வலுவைக் குறைத்தே கணக்கிடச் சொல்கிறது. ஆனால் ஓடு கலந்த சோதனை பீம்கள் சில, ரிங் இல்லாமலே சாதாரண கான்கிரீட்டுக்கு ஈடுகொடுத்திருக்கின்றன. சோதனைக்கூடத்தில் பீம் உடைந்தால் ஆய்வுக்கட்டுரை. உங்கள் வீட்டில் உடைந்தால் போலீஸ் ரிப்போர்ட்.