மூன்று உருண்டை, பத்து மந்திரம்

கேள்வி: 'டோட்டா 2' கணினி விளையாட்டில் இன்வோக்கர் மந்திரவாதியை எடுத்தாலே விரல்கள் பின்னிக்கொள்கின்றன. எப்படித் தேறுவது?

பதில்: முதலில் இரண்டே மந்திரத்தோடு குடித்தனம் நடத்துங்கள். குவாஸ், வெக்ஸ், எக்ஸார்ட் உருண்டைகளை மும்மூன்றாகச் சேர்த்தால் 10 மந்திரம். நல்லவேளை, வரிசை மாறினாலும் பலன் மாறாது! மூன்றும் எக்ஸார்ட் என்றால் சன் ஸ்ட்ரைக். மேலிருந்து நெருப்பு இறங்க 1.7 விநாடி ஆகும். அதற்குள் எதிரி நடையைக் கட்டிவிடுவான். அதனால் முதலில் இரண்டாவது மந்திரமான டொர்னாடோவை விட்டு அவனைத் தூக்குங்கள். மிதக்கும்போது அடி படாது. கால் தரையில் பட்ட கணத்தில் நெருப்பு விழ வேண்டும். தனியாக நிற்பவனையே குறிவையுங்கள், கூட்டத்தில் விழுந்தால் அடி பங்கு பிரிந்துவிடும். சரியாக விழுந்த முதல் அடியில் நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். மூன்றாவது மந்திரம் அடுத்த வாரம் போதும்.