பார்க்குமுன் பார்த்தவர்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போகிற பேருந்தில், ஜன்னலோரம் பிடித்து ஒருவர் உட்கார்ந்திருப்பார். கண் வெளியே இருக்கும், ஆனால் பார்க்கமாட்டார். பார்க்கவேண்டியதையெல்லாம் வீட்டிலேயே பார்த்து முடித்துவிட்டுத்தான் வண்டியேறியிருக்கிறார். கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றி நிற்கும் காட்டைக் காட்டினால், "வெறும் புதர்" என்பார். சோழமண்டலக் கடற்கரையில் மிஞ்சியிருக்கும் சில பசுமைமாறாக் காடுகளில் அதுவும் ஒன்று, புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தார் மரம் மரமாக, கொடி கொடியாகக் கணக்கெடுத்துக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள் என்றால், "எழுதறதுக்கு அவங்களுக்குச் சம்பளம் வருதுங்க" என்பார். கழுவெளி ஈரநிலத்தைப் பற்றிச் சொன்னால் அவருக்கு அது தேங்கின தண்ணீர். 2021இல் 5,000 ஹெக்டேருக்கு மேல் பறவைகள் சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள் என்ற செய்தி அவரை மிகவும் வருத்தும். பறவைக்கு எதற்கு அவ்வளவு இடம்? 1,200 சதுர அடி மனைக்கு மேல் எந்த உயிருக்கும் தேவைப்படாது என்பது அவர் துணிபு.

இவரை விவரம் தெரியாதவர் என்றும் யோசிக்கச் சோம்பல்படுகிறவர் என்றும் ஒதுக்கிவிடுவது வழக்கம். இரண்டுமே அவருக்குச் செய்கிற அநியாயம். காலையில் இரண்டு பத்திரிகை படிக்கிறார், இரவில் மூன்று விவாதம் கேட்கிறார். சோம்பலோ அவரிடம் அணுவளவும் கிடையாது. முடிவை மாற்றிக்கொள்வதற்கு ஒரு நிமிடம் போதும். எதிரே வந்து நிற்கிற சான்றுகளையெல்லாம் வளைத்து அந்த முடிவுக்குள் அடக்குவதற்குத்தான் நாள் முழுக்கப் பாடுபடவேண்டும். 2024 நவம்பர் கடைசியில் அவர் பட்ட பாட்டைப் பாருங்கள். வங்கக் கடலில் இருந்த தாழ்வு மண்டலம் புயலாகுமா ஆகாதா என்று வானிலை மையத்தின் கணிப்பு நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்தது. இவர் மட்டும் மாறவில்லை. 'புயலும் இல்லை, ஒன்றும் இல்லை' என்று முதல் நாளே முடித்துவிட்டார். 29ஆம் தேதி பிற்பகல் அது ஃபெஞ்சல் என்று பெயர் சூடியது. மறுநாள் இரவு புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே கரையைக் கடந்து, நகராமல் நின்றுகொண்டு கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அவர் சொன்ன விளக்கம்: "நான் காத்தைத்தானே சொன்னேன்? மழையைப் பத்தி நான் வாயே திறக்கலையே." முன்பு நிவர் புயலில் (2020) ஒரு விளக்கம், தானே புயலில் (2011) ஒரு விளக்கம். மூன்று புயல்கள் மாறி மாறி மோதியும் கூரை பிய்ந்துபோகாத ஒரே இடம் அவருடைய கருத்து.

இந்த இடத்தில் நியாயமான ஒரு மறுப்பு வரும். முன்கூட்டியே நினைக்காமல் யாரால் வாழமுடியும்? இருமலைக் கேட்டதும் மருத்துவர் ஒன்றை ஊகிக்கிறார். கூட்டத்தைப் பார்த்ததும் நடத்துநர் சில்லறையைத் தயார் செய்கிறார். உண்மைதான். மரக்காணம் உப்பளத்தில் பாத்தி கட்டுகிறவரைவிட அதிகமாக முன்கூட்டி நினைக்கிறவர் யார்? உவர்நீரின் அடர்த்தி 25 டிகிரியைத் தொட்டால்தான் உப்பு விளையத் தொடங்கும்; அளவு மீறி ஏறவிட்டால் கசப்பு சேரும். இன்றே வாரிவிடலாமா, இன்னும் இரண்டு நாள் விட்டால் கூடுதலாகத் தேறுமா என்பதை, காற்றையும் வானத்தையும் பார்த்து அவர் முன்னதாகவே முடிவெடுத்தாக வேண்டும். அவரும் பல நேரம் தப்பாக நினைக்கிறார். ஆனால் கோடை மழை ஒன்று எதிர்பாராமல் இறங்கினால் பாத்தியில் விளைந்தது கரைந்துவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து நீர் பாய்ச்சவேண்டும். கூலி போனது போனதுதான். 'நான் காத்தைத்தான் சொன்னேன்' என்று கரைந்த உப்பிடம் வாதாட முடியாது. அதனால் அடுத்த முறை அவர் வானத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்க்கிறார். ஜன்னலோரத்துக்காரருக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு அறிவில் இல்லை, முன்கூட்டி நினைப்பதிலும் இல்லை. தப்பினால் நஷ்டம் யார் கணக்கில் எழுதப்படுகிறது என்பதில் இருக்கிறது. தன் கணக்கில் எழுதப்படுமானால் அது ஊகம். எப்போதும் அடுத்தவர் கணக்கிலேயே எழுதப்படுமானால் அதற்குத் திருந்தவேண்டிய அவசியமே வருவதில்லை. ஜன்னலோரத்துக்காரர் சொல்வதும் சில சமயம் பலிக்கிறதே என்பார்கள். பலிக்கட்டும். பலித்தாலும் பொய்த்தாலும் அவருக்கு ஒரே அளவு நம்பிக்கைதான் கூடுகிறது, கவலையே அதுதான்.

சரி, பேசிவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன கேடு என்று கேட்பவர்கள் அதே கீழ்புத்துப்பட்டிலுள்ள இலங்கைத் தமிழர் முகாமை ஒருமுறை நினைத்துப்பார்க்கலாம். இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கடல் தாண்டி வந்தவர்களைத் தமிழ்நாடு அரவணைத்தது. 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபின், அதே மக்களைப் பார்த்த பார்வை ஒரே இரவில் மாறியது. கொலையை ஒரு சிலர் செய்தார்கள். சந்தேகத்தை ஒவ்வொரு முகாமும் சுமந்தது. 2021இல் அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டமோ மூன்று நாடுகளின் பெயரைச் சொல்லி, இலங்கையைச் சொல்லாமல் விட்டது. இங்கேயே பிறந்து இங்கேயே படித்த பிள்ளைக்கும் 'நீ எந்த ஊர்?' என்ற கேள்வி தீரவில்லை. நம்மவர் இதையெல்லாம் படித்திருக்கிறார். முகாம்காரர்கள் பற்றி அவருக்கு ஒரு கருத்து உண்டு. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்காமலேயே கிடைக்கும்.

அவர் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகாம்களில் இருக்கும் ஆண்களில் பலருக்கு அதுதான் பிழைப்பு; வேலை சுத்தமாக இருக்கும் என்பதும் ஊரறிந்தது. ஒருவரைக் கூப்பிடுகிறார். நாலு நாளில் வேலை முடிகிறது. கோடு பிசகவில்லை, தரையில் சொட்டு இல்லை. சுவரைத் தடவிப் பார்த்து, "நம்ம ஆளுங்களுக்கு இந்தப் பக்குவம் வராது தம்பி" என்று மனமாரப் புகழ்கிறார். இப்போது கருத்து மாறவேண்டுமே? மாறாது. இந்த ஒருவர் விதிவிலக்கு என்று ஒதுக்கப்படுவார். அடுத்து எலெக்ட்ரீசியனாக வருகிறவரும் விதிவிலக்கு. மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற பெண்ணும் விதிவிலக்கு. அவருக்குத் தெரிந்த முகாம்காரர்கள் அத்தனை பேரும் விதிவிலக்குகள். விதிக்கு உட்பட்டவர்களை மட்டும் அவர் இன்னும் சந்திக்கவில்லை. அந்தப் பெயின்ட் அடித்தவரே பிறகொரு நாள், "அண்ணா, உங்கட மாடி வீடு வாடகைக்கு இருக்கெண்டு சொன்னினம்" என்று வந்து நின்றால், பதில் தயாராக இருக்கும். "அடடா, சொந்தக்காரங்க வர்றாங்களே தம்பி!" எந்தச் சொந்தக்காரர் என்பதை மட்டும் அவர் இன்னும் முடிவு செய்திருக்கமாட்டார்.