ஆறு மணி டோஸ்

2003-இல் வாங்கிய ஒரு சான்றிதழ் இன்னும் என் கோப்பில் இருக்கிறது. ‘சிவியர் செப்சிஸ்’ நோயாளியைக் காப்பது எப்படி என்பது அன்றைய வகுப்பு. அந்த ‘சிவியர்’ என்ற முன்னொட்டு 2016-இல் வந்த புதிய வரையறையில் எடுக்கப்பட்டுவிட்டது. கிருமித் தொற்றை எதிர்த்துக் கிளம்பும் உடலின் தற்காப்பு, கட்டு மீறிப்போய்ச் சொந்த உறுப்புகளையே பழுதாக்கும் நிலைக்குத்தான் இப்போது செப்சிஸ் என்று பெயர். அதில் லேசான வகை என்று ஒன்று கிடையாது. எங்கள் ஊர்ப்பக்கம் ‘கிருமி ரத்தத்துல ஏறிருச்சு’ என்பார்கள். அப்படிச் சொல்லும் குடும்பத்தில் யாரும் அதை லேசாக எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

வகுப்பு நடந்தது மாவட்டத் தலைநகரில், ஒரு ஹோட்டலின் மாடி ஹாலில். சென்னையிலிருந்து வந்த பேராசிரியர் அருமையாகப் பேசினார். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையில் இமானுவேல் ரிவர்ஸ் என்ற மருத்துவர் நடத்திய ஆய்வு 2001-இல் வெளியாகி உலகையே பேசவைத்திருந்தது. மொத்தம் 263 நோயாளிகள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 46.5 சதவீதம் பேர் இறந்தார்கள். முதல் 6 மணி நேரத்துக்குள் அளந்து அளந்து சிகிச்சை கொடுக்கப்பட்டவர்களில் 30.5 சதவீதம். கழுத்துச் சிரையில் குழாய் போட வேண்டும், மைய சிரை அழுத்தம் 8-லிருந்து 12-க்குள் நிற்க வேண்டும், அந்தச் சிரையின் ரத்தத்தில் ஆக்ஸிஜன் செறிவு 70 சதவீதமாவது இருக்க வேண்டும், குறைந்தால் ரத்தம் ஏற்ற வேண்டும். நான் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டேன். அந்தக் குழாய் எங்கள் மருத்துவமனையில் கிடையாது. இருந்தாலும் எழுதினேன், என்றாவது வரும் என்று உண்மையாகவே நம்பினேன்.

அன்று எனக்கு இரவு டூட்டி. மாலை பஸ்ஸைப் பிடித்து நேரே வார்டுக்குப் போனேன்.

இரவு 11:40-க்கு ஓர் அம்மாவைக் கொண்டுவந்தார்கள். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். சர்க்கரை உண்டு, இரண்டு நாளாகக் குளிர்காய்ச்சல், விலாவுக்குக் கீழே வலி. சிறுநீரகத்தில் தொற்று என்பது தொட்டவுடனே தெரிந்தது. பிரஷர் 100. அவர் கணவர் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு, “மத்தியானத்துல இருந்து ஆள் ஒரு மாதிரியா இருக்காங்க சார். பேசுறதுல பிடி இல்ல” என்றார். காய்ச்சலில் அப்படித்தான் இருக்கும் என்று அவரைத் தேற்றினேன். கேஸ் ஷீட்டில் மூச்சு 20 என்று எழுதினேன். எண்ணி எழுதவில்லை. எல்லோருக்கும் எழுதுகிற 20 அது. செஃபோடாக்ஸிம் ஊசி, ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தேன்.

இரண்டு வேளை என்றால் எங்கள் வார்டில் காலை 6, மாலை 6. ‘உடனே’ என்ற ஒரு சொல்லை நான் எழுதவில்லை. 42 நோயாளிகளுக்கு ஒரே ஒரு சிஸ்டர். அவர் விதிப்படி, காலை 6 மணிக்கு எல்லோருக்கும் போடும்போது அந்த அம்மாவுக்கும் முதல் ஊசியைப் போட்டார். அப்போது பிரஷர் 70. மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார்.

முதல் 6 மணி நேரம் எவ்வளவு முக்கியம் என்று பகல் முழுக்க உட்கார்ந்து கேட்டவன், அன்றிரவே ஒரு நோயாளிக்கு ஆறு மணி நேரத்துக்கும் மேல் மருந்தில்லாமல் விட்டேன். அந்தக் கணக்கு எனக்குப் பிடிபட்டதே மூன்று ஆண்டுகள் கழித்துத்தான். செப்டிக் ஷாக்கில் பிரஷர் விழுந்தபின், சரியான கிருமிக்கொல்லி தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு சராசரியாக 7.6 சதவீதம் குறைகிறது என்று ஆனந்த் குமாரும் அவர் கூட்டாளிகளும் 2006-இல் எழுதிய கட்டுரையைப் படித்த இரவு நான் தூங்கவில்லை.

அந்த ஹோட்டல் ஹாலில் கேட்டதில் பாதி இன்று இல்லை. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று மூன்று பெரிய ஆய்வுகள் 2014, 2015-இல் வந்தன. கழுத்துக் குழாயும் அதன் அளவுகளும் வைத்து நடத்திய சிகிச்சைக்கும், கவனமான சாதாரண சிகிச்சைக்கும் இறப்பில் வேறுபாடு இல்லை. ரிவர்ஸ் சொன்னது பொய் என்று இதற்குப் பொருள் இல்லை. நோயைச் சீக்கிரம் கண்டுபிடி, மருந்தைச் சீக்கிரம் கொடு என்ற அவருடைய பாடம் அதற்குள் எல்லா ஊர் ‘சாதாரண சிகிச்சை’யிலும் கலந்துவிட்டிருந்தது. ஸைக்ரிஸ் என்ற செப்சிஸ் மருந்துக்கு அன்று தனி அமர்வே வைத்தார்கள். அமெரிக்காவில் ஒரு நோயாளிக்கு ஏறத்தாழ 7,000 டாலர் ஆன மருந்து. 2011 அக்டோபரில், பயன் இல்லை என்று உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. சிறுநீரகத்தைக் காக்கும் என்று என் சீஃப் சொல்லிக்கொடுத்து நான் எத்தனையோ பேருக்கு ஓட்டிய சிறு அளவு டோபமைன், எதையும் காக்கவில்லை என்று 2000-லேயே நிறுவப்பட்டிருந்தது. எங்கள் வார்டுக்கு அந்தச் செய்தி வந்து சேர மேலும் பல ஆண்டுகள் ஆயின.

டிரிப்ஸ் கதை வேறு. கிலோவுக்கு 30 மில்லி, அதாவது 50 கிலோ ஆளுக்கு மூன்று பாட்டில், முதல் 3 மணி நேரத்துக்குள் என்று வெகுகாலம் சொல்லிக்கொடுத்தோம். உகாண்டா, கென்யா, தான்சானியா நாடுகளில் கடும் தொற்றோடு வந்த 3,141 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2011-இல் வந்தது. வேகமாகத் திரவம் ஏற்றிய குழந்தைகள்தான் அதிகம் இறந்தார்கள். பெரியவர்களுக்கான அந்த 30 மில்லியையும் 2021-இல் வந்த செப்சிஸ் வழிகாட்டி உறுதியான பரிந்துரையிலிருந்து வெறும் யோசனையாக இறக்கிவிட்டது. டெங்கு வார்டில் நின்றவர்களுக்கு இது புதிதாக இருந்திருக்காது. நீர் போதாமல் சரிந்த பிள்ளையையும், நீர் அதிகமாகி நுரையீரல் நனைந்த பிள்ளையையும் ஒரே வாரத்தில் பார்த்தவர்கள் அவர்கள்.

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது வேறு. அன்றைய வகுப்பில் காட்டிய நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் ஒன்றில்கூட ஸ்க்ரப் டைஃபஸ் இல்லை. மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில் நம் வயல்காட்டுப் புதர்களில் இருக்கும் ஒருவகை நுண்பூச்சியின் குஞ்சு கடித்து வரும் காய்ச்சல் அது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு. வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. அக்குளில், இடுப்பு மடிப்பில், மார்புக்குக் கீழே ஒளிந்திருக்கும். திரையைப் போட்டு, பெண் ஊழியரைக் கூட நிறுத்தி, சேலையை விலக்கிப் பார்த்தால்தான் கண்ணில் படும். பார்க்காதவர் செஃபோடாக்ஸிமை எத்தனை மணி நேரத்துக்குள் போட்டும் பயனில்லை; அந்தக் கிருமி அதற்கு மசியாது, டாக்ஸிசைக்ளின் வேண்டும். கடுமையான ஸ்க்ரப் டைஃபஸுக்கு டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்துச் சிரை வழியாகக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்லது என்று 2023-இல் உலகுக்குச் சொன்ன ஆய்வு வேலூர் சி.எம்.சி.யின் தலைமையில் நடந்தது. பேருந்தில் ஒரே இரவில் போய்வரும் தூரத்தில் நமக்கான பாடம் இருந்திருக்கிறது. நாங்கள் டெட்ராய்டை மட்டும் எழுதிக்கொண்டிருந்தோம்.

எங்கள் வார்டில் ஒரு மூத்த சிஸ்டர் இருந்தார். சுற்று வரும்போது நோயாளியின் விரல்நுனியை அழுத்திவிட்டு, விட்டபின் ரத்தம் எப்போது திரும்புகிறது என்று பார்ப்பார். முழங்காலைத் தொடுவார். “சார், முட்டி சில்லுன்னு இருக்கு, ஒரு எட்டு வந்து பாருங்க” என்பார். ஹோட்டல் வகுப்புக்குப் போய்வந்த பெருமையில் நான் பலமுறை மானிட்டரைக் காட்டிப் பதில் சொல்லியிருக்கிறேன். 2019-இல் ஆண்ட்ரோமெடா ஷாக் என்ற ஆய்வு வந்தது. கண்ணாடிச் சில்லால் விரல்நுனியை 10 விநாடி அழுத்தி, நிறம் திரும்ப 3 விநாடிக்கு மேல் ஆனால் ரத்த ஓட்டம் போதவில்லை என்று கொண்டு சிகிச்சையை நகர்த்தினார்கள். ரத்தத்தில் உள்ள லாக்டேட்டை அளந்து அளந்து நகர்த்தும் முறைக்கு அது எவ்விதத்திலும் குறையவில்லை. 2021 வழிகாட்டியில் விரல் இடம்பிடித்துவிட்டது. சிஸ்டர் அதற்கு முன்பே பணி ஓய்வு பெற்று மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போனில் அழைத்துச் சொன்னேன். “அந்தச் சர்க்கரைக்கார அம்மாவுக்கும் முட்டி சில்லுன்னுதான் இருந்துச்சு சார்” என்றார். எந்த அம்மா என்று நான் கேட்கவில்லை.

இப்போது வகுப்புகள் கைபேசியிலேயே வந்துவிடுகின்றன. மலைமேல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக இருக்கும் இளம் மருத்துவர், உலகின் தலைசிறந்த ஆசிரியரை ராத்திரி பத்து மணிக்குக் கேட்கலாம். எனக்கு அது கிடைக்கவில்லையே என்று நினைத்துக்கொள்வேன். ஐந்தாண்டில் 30 மணி நேரம் கற்க வேண்டும் என்ற விதிக்கும் அது ஓரளவு கைகொடுக்கும். ஆனால் காலை 6 மணி ஊசியைக் கையில் எடுப்பவர் இன்னும் அந்த வகுப்பில் இல்லை. 108 ஆம்புலன்ஸில் நோயாளியோடு வரும் பையன் இல்லை. ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் ‘ஆள் ஒரு மாதிரியா இருக்காங்க’ என்பதை முதலில் கேட்கும் பெண் இல்லை.

பணி ஓய்வுக்குப் பிறகு, ஒரு தாலுகா மருத்துவமனையில் மாதம் ஒருமுறை வகுப்பு எடுக்கிறேன். சிஸ்டர்கள் உட்காரும் மேசைதான் இடம், கைக்கடிகாரம்தான் கருவி. ஒருவர் மூச்சை மற்றவர் ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். பக்கத்துக் கட்டிலில் காய்ச்சலோடு இருப்பவரை எண்ணச் சொன்னால் கேஸ் ஷீட்டில் 20 இருக்கும், எண்ணினால் 28 வரும். எண்ணியவர் முகம் மாறுவதைப் பார்க்கிறேன். ‘ஆள் ஒரு மாதிரி’ என்று உறவினர் சொன்னால் அதை அதே சொற்களில் எழுதிவையுங்கள், டாக்டரை எழுப்புங்கள் என்கிறேன். ஷாக் என்று தோன்றினால் முதல் ஊசிக்கு 1 மணி நேரம். ஷாக் இல்லை, சந்தேகம் மட்டும்தான் என்றால் விசாரித்துத் தெளிய 3 மணி நேரம். கல்ச்சருக்கு முதலில் ரத்தம் எடுங்கள், ஆனால் அதற்காக ஊசியை நிறுத்திவைக்காதீர்கள். சொல்வது இவ்வளவுதான்.

போன மாதம் ஒரு சின்னப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகியிருக்காது, எழுந்து கேட்டாள்: “சார், டாக்டர் ஆபரேஷன்ல இருக்காரு, போன் எடுக்கலைன்னா முதல் டோஸை நாங்களே போடலாமா?”

போட முடியாது, எழுத்தில் உத்தரவு வேண்டும் என்று சொன்னேன். சொல்லும்போதே பழைய வார்டின் காலை ஆறு மணி கண்ணில் நின்றது. அன்றே உட்கார்ந்து அரைப்பக்கத்தில் ஒரு நிலை உத்தரவு எழுதினேன்: எந்த அறிகுறிகள் சேர்ந்திருந்தால், ஒவ்வாமை கேட்டபின், எந்த மருந்து, எவ்வளவு, யாருக்குச் சொல்லிவிட்டு. தலைமை மருத்துவர் இருமுறை படித்தார். சட்டம் பார்க்க வேண்டும் சார், இரண்டு நாள் கொடுங்கள் என்றார். நல்ல மனிதர், அவர் தயக்கம் எனக்குப் புரிகிறது. இருபது நாளாகிவிட்டது. வியாழக்கிழமை மறுபடி போகிறேன், அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு.