துப்பாக்கிக் குமாஸ்தாக்கள்

அமெரிக்காவில் துப்பாக்கி சேர்க்கிறவர் என்றதும் நம்மவர் மனதில் ஒரு கௌபாய் வந்து நிற்பார். அகலத் தொப்பி, தூசு படிந்த பூட்ஸ், வாயோரம் சுருட்டு. அந்த ஆளைத் தேடி ஓக்லஹோமா மாநிலத்து டல்சா நகருக்குப் போனால் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். அங்கே வருஷத்துக்கு இரண்டு தடவை, 11 ஏக்கர் பரப்புள்ள ஒரே கூரையின் கீழ், 4,000க்கும் மேற்பட்ட மேசைகளைப் போட்டு ஆயுதக் கண்காட்சி நடத்துகிறார்கள். வருகிற கூட்டத்தில் பாதிக்கு முழங்கால் வலி. மூக்கு நுனியில் கண்ணாடி, சட்டைப் பையில் பேனா டார்ச், கையில் பூதக்கண்ணாடி, இடுப்பில் மடித்துச் செருகிய ஒரு நோட்டுப் புத்தகம்.

பிடித்த துப்பாக்கி கையில் கிடைத்ததும் தோளில் வைத்துக் குறி பார்ப்பார் என்று நினைக்கிறீர்களா? தலைகீழாகப் புரட்டுவார். டார்ச் அடிப்பார். நம்பர் படிப்பார். குழலில் ஒரு நம்பர், போல்ட்டில் ஒரு நம்பர், கட்டையின் அடித்தகட்டில் ஒரு நம்பர். மூன்றும் ஒன்றானால் முகம் மலரும். ஓர் இலக்கம் பிசகினால் 'ப்ச்' என்று கீழே வைத்துவிடுவார். அது சுடுமா சுடாதா என்பது பிறகு பேச வேண்டிய விஷயம். பேசாமலே போனாலும் போகும். வெளியே வீரராகத் தெரிகிறவருக்குள் பதிவறைக் குமாஸ்தா ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்பது அங்கே ஒரு மணி நேரம் நின்றால் புரிந்துவிடும்.

இவர்களிடம் சரக்குக்கும் குறைவில்லை. ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆய்வு நிறுவனம் 2017 நிலவரப்படி அமெரிக்கப் பொதுமக்கள் கையில் இருந்த துப்பாக்கிகளை 39 கோடியே 30 லட்சம் என்று மதிப்பிட்டது. நூறு பேருக்கு 120. கைக்குழந்தைக்கும் ஒன்று கொடுத்துவிட்டுக் கொஞ்சம் மிச்சம் வைக்கலாம். ஆனால் பங்கீடு அவ்வளவு நியாயமாக நடக்கவில்லை. ஹார்வர்டு, நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் எடுத்த கணக்கில், வயது வந்தவர்களில் 3 சதவீதம் பேரிடமே ஏறக்குறைய பாதித் துப்பாக்கிகள் இருந்தன. ஆளுக்குச் சராசரி 17. இந்தியாவில் 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு உரிமம் பெற்றவர் பொதுவாக இரண்டு வைத்துக்கொள்ளலாம். மூன்றாவதை ஒப்படைத்துவிட வேண்டும். டல்சா ஆசாமியிடம் இதைச் சொன்னால் கண்ணில் நீர் வந்துவிடும்.

பதினேழு எதற்கு என்று கேட்பது, பீரோ நிறையப் பட்டுப்புடவை வைத்திருப்பவரிடம் 'இதே பச்சைதானே அன்றைக்கும் எடுத்தாய்?' என்று கேட்பது மாதிரி. அது வேற பச்சை, இது வேற பார்டர். ரஷ்யாவின் மோசின்–நகான் ரைஃபிளை எடுத்துக்கொள்ளுங்கள். 1891இல் ஜார் மன்னரின் படைக்காக வந்தது. செர்கேய் மோசின் என்ற கேப்டனும் லெயோன் நகான் என்ற பெல்ஜியக்காரரும் தனித்தனியாக வடிவமைத்ததைக் கலந்து செய்தார்கள். பெயர் யாருக்கு என்று தகராறு வந்ததும், இருவருக்கும் வேண்டாம் என்று வெறும் '1891 மாடல்' ஆக்கிவிட்டார்கள். அரசாங்க ஆபீஸ் எங்கேயும் அரசாங்க ஆபீஸ்தான். ஏறத்தாழ 3 கோடியே 70 லட்சம் மோசின்கள் செய்யப்பட்டன. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். சேகரிப்பாளருக்கு மட்டும் துலா ஆலை வேறு, இஷெவ்ஸ்க் ஆலை வேறு. போல்ட் ஓடும் உட்கூடு எட்டுக்கோணமானால் வேறு, உருண்டையானால் வேறு. முதல் உலகப்போரில் ஜாருக்காக அமெரிக்காவின் ரெமிங்டன் கம்பெனி செய்தது வேறு. புரட்சி வந்து ஜார் போய்விட, டெலிவரி ஆகாமல் தேங்கிப்போன சரக்கில் ஒரு பகுதியை அமெரிக்க அரசே வாங்கிக்கொண்டது. ஆக, ரஷ்யத் துப்பாக்கியில் அமெரிக்க ஆலை முத்திரை. குமாஸ்தாவுக்கு இதைவிடச் சந்தோஷம் ஏது?

சோவியத் யூனியன் உடைந்த பிறகு இவை கிடங்குகளிலிருந்து பெட்டி பெட்டியாகக் கிளம்பின. 2000களில் ஒரு மோசின் 100 டாலருக்குள்ளேயே கிடைத்தது. கூடவே இலவசமாக வந்தது காஸ்மோலின். துருப்பிடிக்காமல் இருக்க ராணுவத்தார் அப்பும் கிரீஸ் அது. ஐம்பது அறுபது வருஷம் ஊறினால் பழுப்பாகக் கெட்டிப்பட்டு, குழல், திருகு, மரத்தின் நார் என்று ஒன்றையும் விடாமல் புகுந்திருக்கும். அதை எடுப்பது தனிக்கலை. உலோகப் பாகங்களைக் கொதிநீரில் குளிப்பாட்டுவார்கள். மரக்கட்டையைக் கறுப்புக் குப்பைப் பையில் சுற்றி வெயிலில் போடுவார்கள். கட்டை வியர்க்கும், துடைப்பார்கள், மறுபடி வியர்க்கும். பொறுமை இல்லாதவர்கள் மனைவி ஊருக்குப் போகும் நாள் பார்த்து, கேக் சுடும் மின்அடுப்புக்குள் கட்டையை வைத்துவிடுவதுண்டு. அடுத்த கேக்கில் மண்ணெண்ணெய் வாசம் ஏன் வந்தது என்ற விசாரணை எப்படி முடிந்திருக்கும் என்பதை வாசகரே ஊகிக்கலாம். இத்தனைக்குப் பிறகும், கோடைக்கால மதியத்தில் பத்து இருபது தோட்டா சுட்டுச் சூடேறினால், போனதாக நினைத்த காஸ்மோலின் மரத்திலிருந்து மெல்லக் கசிந்து கன்னத்தில் ஒட்டும்.

மோசினிலும் ஃபின்லாந்து மோசின் என்று ஒரு மேல்சாதி உண்டு. ஃபின்லாந்துக்காரர்கள் உட்கூட்டைத் தாங்களே செய்ததில்லை. ரஷ்யாவிடமிருந்து கைப்பற்றியதையும் அங்கங்கே வாங்கியதையும் வைத்து, புதுக்குழலும் புதுக்கட்டையும் போட்டு உயர்ந்த ரைஃபிளாக்கினார்கள். இங்கேதான் அமெரிக்கச் சட்டம் தன் விளையாட்டைக் காட்டுகிறது. 1898 அல்லது அதற்கு முன்பு செய்யப்பட்ட துப்பாக்கி, கூட்டாட்சிச் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கியே கிடையாது, பழம்பொருள். வயதைக் கணக்கிடுவது உட்கூட்டை வைத்து. ஆகவே 1940களில் ஃபின்லாந்தில் புத்தம்புதிதாகக் கோத்த ரைஃபிள், அதன் உட்கூடு 1896இல் செய்ததாக இருந்தால், பழைய வெற்றிலைப் பெட்டியின் அந்தஸ்தைப் பெற்றுவிடுகிறது. அந்தத் தேதி மரத்துக்குள் ஒளிந்திருக்கும் வால்பகுதியின் அடியில் பொறிக்கப்பட்டிருக்கும். அதனால்தான் கண்காட்சி மேசையில் ஒருவர் திருகுகளைக் கழற்றி, கட்டையைப் பிரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு டார்ச் அடிக்கிறார். 1898 தெரிந்தால் விலை ஏறும். 1899 தெரிந்தால் மறுபடி திருகை மாட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவார்.

குமாஸ்தாக்களுக்கென்று அரசு தனி உரிமமே வைத்திருக்கிறது. 'அரும்பொருள், நினைவுப்பொருள்' சேகரிப்பாளர் உரிமம்: மூன்று வருஷத்துக்கு 30 டாலர். இது இருந்தால் 50 வயது நிறைந்த துப்பாக்கிகளை வெளி மாநிலத்திலிருந்து நேராக வீட்டு வாசலுக்கே வரவழைக்கலாம். பதிலுக்கு வரவு செலவுப் பேரேடு வைக்க வேண்டும்: என்ன துப்பாக்கி, என்ன நம்பர், யாரிடமிருந்து, எந்தத் தேதி. அதிகாரிகள் வந்து பார்க்கலாம். சம்பளம் கொடுத்துச் செய்யச் சொன்னால் அலுத்துக்கொள்ளும் வேலையைக் கட்டணம் கட்டிச் செய்கிறார்கள். ஐம்பது வயது நிறைந்தால் அரும்பொருள் என்ற விதிப்படி பார்த்தால், உரிமம் வைத்திருப்பவர்களே பெரும்பாலும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடுவார்கள்.

இவர்களிடையே புழங்கும் பழைய ஜோக் ஒன்று உண்டு. சேகரிப்பாளருக்குச் சாவைப் பற்றிப் பயமில்லை; தான் போன பிறகு, 'இவ்வளவுக்குத்தான் வாங்கினேன்' என்று தன் மனைவியிடம் சொன்ன விலைக்கே அவள் எல்லாவற்றையும் விற்றுவிடுவாளே என்பதுதான் பயம்.

வாங்குவது போதாதென்று கட்டத் தொடங்குகிறவர்கள் அடுத்த வகுப்பு. இவர்களின் செல்லம் ஏஆர்–15 ரைஃபிள். யூஜீன் ஸ்டோனர் வடிவமைத்தது. 1959இல் கோல்ட் கம்பெனி உரிமை வாங்கியது; 1977இல் காப்புரிமை காலாவதியானது. அன்றிலிருந்து ஊரெல்லாம் பாகம் செய்கிறார்கள்; பெரும்பாலும் ஒன்றோடொன்று பொருந்தவும் செய்கின்றன. இதில் சட்டப்படி 'துப்பாக்கி' என்பது விசைப்பொறி உட்காரும் கீழ்க்கூடு மட்டும்தான். சீரியல் நம்பர் அதில்தான். அதை மட்டும் உரிமம் பெற்ற கடையில் படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து வாங்க வேண்டும். மீதியெல்லாம் தபாலில் வரும்.

'கடையில் வாங்கினால் 800 டாலர். நானே கோத்தால் மிச்சம்' என்றுதான் ஆரம்பிப்பார்கள். பிறகு அதற்கென்று ஒரு முறுக்குத் திருகி, ஒரு பித்தளைச் சுத்தியல், ஒரு பிடிப்பான், அந்தப் பிடிப்பானை மாட்ட ஒரு மேசை. ஆயிரம் தாண்டும்போதும் வேலையே ஆரம்பித்திருக்காது. ஆரம்பித்த பிறகு வருவது தடுப்பூசி. மருத்துவத் தடுப்பூசி இல்லை. ஒரு ஸ்பிரிங்கின் தலையில் உட்கார்ந்து பெரிய ஆணியை வழுக்காமல் பிடிக்கும் குட்டி இரும்புக் குச்சி. கால் அங்குல நீளம்தான் இருக்கும். ஸ்பிரிங்கைத் துளைக்குள் இறக்கி, குச்சியை மேலே வைத்து, ஒரு கையால் அமுக்கிக்கொண்டே மறுகையால் ஆணியைத் தள்ள வேண்டும். மூன்றாவது கை இருந்தால் சுலபம். இல்லாதபட்சத்தில் 'டிங்' என்று ஒரு சத்தம். குச்சி கண்ணில் படாத வேகத்தில் அறையின் ஏதோ ஒரு மூலைக்குப் போய்விடும். பிறகு நாற்பத்தைந்து வயது மனிதர் ஒருவர் காந்தத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சோஃபாவுக்கு அடியில் தவழ்வார். அனுபவசாலிகள் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு இந்த வேலையைச் செய்கிறார்கள். அதைவிட அனுபவசாலிகள் குச்சியை டஜன் கணக்கில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

நம்பரே இல்லாத பாகத் தொகுப்புகளும் ஒருகாலம் தாராளமாக விற்றன; 'பேய்த் துப்பாக்கி' என்று பெயர் வாங்கின. குற்றம் நடந்த இடத்தில் அவை கிடைத்தால் ஊர் பேர் தெரியாது. 2022இல் அரசு விதி போட்டு, அத்தகைய தொகுப்புகளுக்கும் நம்பரும் சோதனையும் வேண்டும் என்றது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 7–2 என்று அதை ஏற்றது. நியாயமான தீர்ப்புதான். பழைய வகுப்புச் சேகரிப்பாளர் இதில் துளியும் கவலைப்படவில்லை. நம்பர் இல்லாத துப்பாக்கியில் படிக்க அவருக்கு என்ன இருக்கிறது?

கட்டுகிறவர்களின் நிஜ எதிரி அங்குலம். 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம் ரவுடிக் கும்பல்களை ஒடுக்க வந்தது. முதல் வரைவில் கைத்துப்பாக்கிகளும் இருந்தன. ரைஃபிளை அறுத்துக் கைத்துப்பாக்கியாக்கி ஏமாற்றக் கூடாதே என்று குட்டைக்குழல் ரைஃபிளையும் சேர்த்தார்கள். பிறகு கைத்துப்பாக்கியை விட்டுவிட்டார்கள். குட்டைக்குழல் மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. விளைவு: இன்று குழல் 16 அங்குலம் இருந்தால் சாது, 15¾ இருந்தால் பதிவு செய்யாதவருக்குச் சிறை. பதிவுக்கு 200 டாலர் வரி வைத்தார்கள். அன்றைக்கு அது ஒரு தாம்சன் இயந்திரத் துப்பாக்கியின் விலை. வரி கட்டியதற்கு அடையாளமாக விண்ணப்பத்தில் ஒரு ஸ்டாம்பு. அந்த ஸ்டாம்பையும் சேகரித்துப் பத்திரப்படுத்துகிறார்கள். 2026 ஜனவரி முதல் குட்டைக்குழலுக்கு வரி பூஜ்யம். ஆனால் படிவம் அப்படியே இருக்கிறது, நல்லவேளையாக.

இதே சட்டத்தை அமல்படுத்தும் ஏடிஎஃப் துறை 2004இல் எழுதிய ஒரு கடிதம் இன்றும் இவர்களின் விருந்துகளில் வாசிக்கப்படுகிறது. இரு முனையிலும் சுருக்குப் போட்ட 14 அங்குல ஷூ லேஸ் ஒன்றை அத்துறை இயந்திரத் துப்பாக்கி என்று அறிவித்தது. துப்பாக்கியோடு சேர்ந்தால்தான் குற்றம், தனி லேஸ் லேஸ்தான் என்று 2007இல் திருத்தம் வந்தது. நடுவில் மூன்று வருஷம் ஓடிவிட்டது. அந்த மூன்று வருஷமும் அமெரிக்கர்கள் எதை நம்பி ஷூ போட்டுக்கொண்டார்களோ!

இத்தனை அமளிக்கு வெளியே, சத்தமில்லாமல் ஒரு கூட்டம் சக்கிமுக்கித் துப்பாக்கி செய்துகொண்டிருக்கிறது. பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் 18ஆம் நூற்றாண்டில் செய்த நீண்ட ரைஃபிள்கள்தான் இவர்களுக்கு இலக்கணம். வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் நகரில் வாலஸ் கஸ்லர் என்ற கைவினைஞர் குழல், பூட்டு, கட்டை அத்தனையையும் பழைய முறையிலேயே கையால் செய்து காட்டினார்; அதை 1969இல் படமாகவும் எடுத்தார்கள். இன்றைய பொழுதுபோக்குக்காரர் குழலையும் பூட்டையும் வாங்கிக்கொண்டு மரவேலையில் இறங்குகிறார். குழலுக்குக் கறுப்பு மை தடவி, மேப்பிள் கட்டையில் பதித்து, எடுத்து, மை ஒட்டின இடத்தை மட்டும் உளியால் சுரண்டி, மறுபடி மை தடவி, மறுபடி பதித்து... மாதக்கணக்கில். கொஞ்சம் அதிகமாகச் சுரண்டினால் விறகு. முடிந்ததும், சட்டத்தின் கண்ணில் அதுவும் துப்பாக்கி இல்லை. என் கட்சி கேட்டால், இந்தக் கூட்டத்தில் மெச்சத் தகுந்தவர்கள் இவர்கள்தான்.

சிரிப்புக்கு நடுவே ஒரு கணக்கையும் சொல்ல வேண்டும். 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். பாதிக்கு மேல் தற்கொலை. பேரேட்டில் நம்பரைக் கவனமாக எழுதுகிறவர், பீரோவின் சாவியை எங்கே வைக்கிறார் என்பதிலும் அதே கவனம் காட்ட வேண்டும். நல்ல சேகரிப்பாளர்கள் காட்டுகிறார்கள்.

அந்த நாட்டின் ஆகப் பெரிய துப்பாக்கிச் சேகரிப்பு எங்கே இருக்கிறது தெரியுமா? மேற்கு வர்ஜீனியாவின் மார்டின்ஸ்பர்க் என்ற சிற்றூரில், காகிதமாக இருக்கிறது. துப்பாக்கிக் கடை மூடினால் அதன் பதிவேடுகள் எல்லாம் அங்குள்ள அரசு மையத்துக்குப் போக வேண்டும். பெட்டி பெட்டியாக வந்து குவிந்ததில் தரை இடிந்துவிடும் என்று எச்சரிக்கை வர, மிச்சத்தை வெளியே கப்பல் கண்டெய்னர்களில் அடுக்கினார்கள். பொதுப்பதிவேடு உருவாக்க 1986 சட்டம் தடை போட்டிருப்பதால், வாங்கியவர் பெயரைத் தட்டித் தேடும் வசதியைக் கணினியில் வைக்க முடியாது. மூடிய கடை விற்ற துப்பாக்கி யாருடையது என்று போலீஸ் கேட்டால், ஊழியர் ஒருவர் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறார்.