அடிக்காத பிரம்பு: பயன்பாட்டியல் நோக்கில் ஓர் ஆய்வு

வைகைக் கரையோர அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் எண்பதுகளில் சமூக அறிவியல் நடத்திய ஆசிரியர் ஒருவரின் கையிலிருந்த பிரம்பே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். ஆசிரியரின் பெயர் தவிர்க்கப்படுகிறது. ஊரில் ‘வரலாறு சார்’ என்றால்தான் தெரியும். அப்பிரம்பு தன் பணிக்காலம் முழுவதும் எந்த மாணவர் மீதும் பட்டதில்லை என்பது கருதுகோள். அப்படியானால் அத்தனை ஆண்டுகள் அது என்னதான் செய்துகொண்டிருந்தது என்பது ஆய்வு வினா.

முதலில் தாவரவியலை முடித்துவிடலாம். பிரம்பு பனைக் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. தென்னைக்கும் பனைக்கும் பங்காளி என்றாலும் நிமிர்ந்து நிற்கத் தெரியாமல், முள்ளால் அடுத்த மரத்தைப் பற்றிக்கொண்டு ஏறும். மூங்கிலைப் போல உள்ளே குழாயாக இராது, கெட்டியாக இருக்கும். வளையும், லேசில் ஒடியாது. இக்குணங்களாலேயே நாற்காலிக்கும் கூடைக்கும் மாணவர் உள்ளங்கைக்கும் ஏற்றது எனத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

முன்னோர் கருத்து இரு வகைப்படும். ‘அடியாத மாடு படியாது’ என்பது மக்கள் வழக்கு. நன்னூல் ஆசிரியர் பவணந்தியாரோ நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் என நான்கு உவமைகள் தருகிறார். இந்த நான்கில் எதுவும் யாரையும் கைநீட்டி அடிக்காது என்பதை இக்கட்டுரை பணிவுடன் சுட்டிக்காட்டுகிறது. மாணாக்கருக்கு அவர் சொன்ன உவமைகளில் அன்னமும் உண்டு, ஓட்டைக் குடமும் எருமையும் உண்டு. எங்கள் வகுப்பில் அன்னத்தின் வருகை பதிவாகவில்லை.

இனி களத்தரவு. சாரின் பிரம்பு காலையில் சன்னல் கொக்கியைத் தள்ளித் திறந்தது. மத்தியானம் சத்துணவு வாசத்துக்கு உள்ளே வந்த ஆட்டை வெளியே அனுப்பியது (ஆட்டின் மீதும் படவில்லை, தரையில் தட்டினார், ஆடு மரியாதை கருதிச் சென்றது). மற்ற நேரமெல்லாம் தேசப்படத்தில் ஊன்றி நின்றது. “நம்ம ஊரு எங்கிட்டுடா இருக்கு?” என்று தினமும் கேட்டுத் தினமும் அவரே குத்திக் காட்டியதில், படத்தில் மதுரை இருந்த இடம் ஓட்டையாகிச் சுவரின் சுண்ணாம்பு தெரிந்தது. அரையாண்டுத் தேர்வில் மதுரையைக் குறிக்கச் சொன்னதற்கு ஒருவன் விடைத்தாளில் பேனாவால் ஓட்டை போட்டுவைத்தான். இடம் சரிதான் என்று சார் அரை மதிப்பெண் போட்டார்.

பெரியாறு அணைப் பாடத்தன்று அதே பிரம்பு மேசை மேல் குறுக்கே படுத்து மேற்குத் தொடர்ச்சி மலையானது. மலைக்கு மேற்கே ஓடிக்கொண்டிருந்த தண்ணீரை அணை கட்டி மறித்து, சுரங்கம் வெட்டிக் கிழக்கே வைகைப் பக்கம் திருப்பி விட்டது 1895இல். சாக்பீஸ் டப்பா அணை. செம்பிலிருந்து ஊற்றிய தண்ணீர் பெரியாறு. சார் சுரங்கத்துக்காகப் பிரம்பைச் சற்றே தூக்க, நீர் வைகையை விட்டுவிட்டு வருகைப் பதிவேட்டுக்குள் பாய்ந்தது. மை கரைந்து யார் வந்தார், யார் வரவில்லை என்ற விவரம் அழிந்துபோனதால் அம்மாதம் எல்லோருக்கும் முழு வருகை. பெரியாறு அணையால் பயன்பெற்றோர் பட்டியலில் எங்கள் வகுப்பு இதுவரை சேர்க்கப்படவில்லை.

உப்புச் சத்தியாகிரகம் நடத்துகையில் அவர் பிரம்பை ஊன்றிக்கொண்டு பெஞ்சுகளைச் சுற்றி விறுவிறுவென்று நடப்பார். முதல் சுற்று தண்டி. அடுத்தது, அதே 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது. காந்தி கையில் இருந்தது மூங்கில்தடி, பிரம்பு அல்ல என்ற ஆட்சேபம் எழலாம். எழுந்தது, முதல் பெஞ்சிலிருந்தே எழுந்தது. “சரிடா, நீ மூங்கில் கொண்டா, நான் மறுபடி நடக்கிறேன்” என்றார் சார்.

ஆய்வின் மையத் தரவு இனிமேல்தான் வருகிறது. அக்காலத்தில் பெற்றோர் பள்ளிக்கு வந்து, “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்” என்று எழுதாத முறியெழுதிக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். சிலர் போகாமல் நின்று, உரிப்பதைப் பார்த்துவிட்டே வயலுக்குத் திரும்புவர். அத்தகையோரிடம் சார் முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, “நீங்க இங்கனயே நில்லுங்கண்ணே, நான் பார்த்துக்கிறேன்” என்பார். பையனின் தோளைப் பிடித்துத் தேசப்படங்கள் வைக்கும் அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்துவார். பிறகு வெளியே கேட்பது பிரம்பின் வீச்சும் பையனின் அலறலும். உள்ளே அடி வாங்கியது பழைய மேசை.

இது குறித்துத் தகவலாளிகளிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது. இப்போது மாவு மில் நடத்தும் தகவலாளி, மேசை மேல் சணல் சாக்கு போட்டிருந்தார் என்கிறார். சாக்கு போட்டால் அடி விழும் சத்தம் உடம்பில் விழுவதைப் போலவே இருக்குமாம். மின்வாரியத்தில் ஓய்வுபெற்றவர் சாக்கை மறுக்கிறார். எல்லோரும் ஒத்துக்கொள்வது சார் சொன்ன வாசகத்தை மட்டும்: “கத்துடா. இன்னும் கொஞ்சம். உங்கப்பா காதுக்குக் கேக்கணும்ல?” அழுகை வராமல் சிரிப்பு வந்தவர்களுக்குச் சார் தாமே ஓரிரு முறை அலறிக் கொடுத்ததும் உண்டு. அந்த அலறல் சற்று முதிர்ந்த குரலில் இருந்ததைத் தகப்பன்மார் எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கவனித்தும் சொல்லாமல் போயிருக்கலாம் என்பது என் ஊகம். ஏனெனில் வெளியே நின்றவர்களில் பலர், மூன்றாவது வீச்சிலேயே “போதும் சார், விட்டுருங்க, புள்ள செத்துருவான்” என்று கதவைத் தட்டியிருக்கிறார்கள். ஒரு தகப்பன், வெளியே வந்த மகனைக் கடைக்குக் கூட்டிப்போய்ச் சேவு வாங்கிக்கொடுத்தார். மறு வாரம் இன்னொருவன் தானாகவே அப்பாவைக் கூட்டிவந்து நின்றான்.

அடிக்காததற்குக் காரணம் கேட்கும் துணிவு எங்களுக்கு வந்தது ஆவணி மாதம் ஒன்றில், மதுரையில் பிட்டுத் திருவிழா நடக்கும் நாளில். சார் பிட்டுக்கு மண் சுமந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வைகை உடைப்பை அடைக்க வந்த கூலியாள், வந்திக் கிழவி கொடுத்த பிட்டைத் தின்றுவிட்டு வேலை பார்க்காமல் ஆடிப்பாட, பாண்டியன் பிரம்பால் முதுகில் ஒன்று வைத்தான். வந்தவர் சிவன் என்பதால் அந்த அடி எல்லா உயிர் மேலும் விழுந்தது. “அடிச்சது ஒரே அடிடா. ராசா முதுகுலயும் விழுந்துச்சு. உங்கள்ல எவன் யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு ஏற்கெனவே முதுகுவலி” என்றார். அவருக்கு முதுகுவலி இருந்தது உண்மை. வகுப்பில் எவரும் சிவன் இல்லை என்பதும் பின்னாளைய மதிப்பெண்களால் உறுதிப்பட்டது.

குழந்தைகளை அடிக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் சொல்கிறது. அதற்கு வெகுமுன்பே சார் ஓய்வுபெற்றுவிட்டார்.

எஞ்சியிருப்பது மூலபாடச் சிக்கல். சாரின் பிரம்பு தன்னிடம்தான் இருக்கிறது என்று பழைய மாணவர் கூட்டத்தில் பலர் உரிமை கோருகின்றனர். மாவு மில்காரரிடம் உள்ளது பளபளவென்று இருக்கிறது. மேசையோடு அத்தனை சண்டை போட்ட பிரம்பு அப்படி இருக்க வழியில்லை. மின்வாரியத்தாருடையதைத் தட்டிப் பார்த்தால் ‘டொக்கு’ என்கிறது, அது மூங்கில். மூன்றாவது பிரதியின் ஒரு முனை சிதைந்து, சுண்ணாம்பு ஏறி, தேசப்படத்து ஓட்டையில் நுழைத்துப் பார்த்தால் கச்சிதமாகப் பொருந்துகிறது. அப்பிரதி இக்கட்டுரையாளர் வீட்டுப் பரணில் உள்ளது. பார்வையிட வருவோர் முன்கூட்டியே சொல்லிவிட்டு வரவும். கையில் எடுத்து வீசிப் பார்க்க அனுமதியில்லை.