கோடு பார்க்கும் மாமா

வெம்பாக்கத்தில் எனக்கு மாமா முறையாக ஒருவர் இருக்கிறார். எந்த வீட்டு வாசலிலும் "வாங்க" என்பார்கள். அவர் வீட்டில் "நில்லுங்க" என்று குரல் வரும். தரை இன்னும் காயவில்லை என்று அர்த்தம். கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தவர்கள் நிலைப்படிக்கு வெளியே நின்று, தாம்பாளத்தை எட்டி நீட்டி, முகூர்த்த நேரத்தை உரக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் கூடத்தில் தாராளமாகக் கால் பதிக்க உரிமை பெற்றவன் கண்ணன் ஒருவன்தான். அதுவும் கோகுலாஷ்டமி அன்று மட்டும், மாவில்.

இந்த வகை மனிதர் எல்லா ஊரிலும் உண்டு. பெரும்பாலும் ரிட்டையரான ஆண். தான் துடைக்க மாட்டார். அடுத்தவர் துடைத்ததைச் சாய்ந்து, குனிந்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பார்த்து, "இங்க ஒரு கோடு இருக்கே" என்பார். மாமாவும் அப்படித்தான் ஆரம்பித்தார். செய்யாறு சிப்காட்டில் ஷூ கம்பெனிக்குப் போகிற மருமகள், ஒருநாள் கம்பெனி பஸ் வர ஐந்து நிமிஷம் இருக்கும்போது, மாப்பை அவர் கையில் கொடுத்து, "நீங்களே துடைச்சிக் காட்டுங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று வாங்கியவர் இன்னும் கீழே வைக்கவில்லை. மாப் கைக்கு வந்தால் வாய் அடங்கும் என்று அந்தப் பெண் கணக்குப் போட்டிருந்தாள். இப்போது அவர் தன் வேலையிலேயே குற்றம் கண்டுபிடித்து, இரண்டாம் முறை துடைக்கிறார்.

நியாயமாகப் பார்த்தால் தப்பு அவர் கண்ணுடையது. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆரணிப் பட்டு நெய்த கண். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, நாடா போக வர, ஒவ்வொரு ஊடை இழையும் சமமாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்த கண். அடி ஒன்று கூடக் குறைய விழுந்தால் கோடு. நடுவில் வேறு தொட்டியில் சாயம் போட்ட நூல் கலந்துவிட்டால் கோடு. நெய்தவன் வீட்டு விளக்கில் தெரியாத கோடு, ஆரணிக் கடையில் முதலாளி புடவையை உதறி வெளிச்சத்தில் பிடிக்கும்போது தெரியும். அவர் விரல் புடவை மேல் ஓடிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிற்கும். விரல் நின்றால் கூலியில் கை வைத்தார் என்று பொருள். அந்த விரலுக்குப் பயந்து பயந்தே வளர்ந்த பார்வை இது. இப்போது தறி இல்லை. பார்வை மட்டும் வீட்டுக்குள் சுற்றி வந்து தரையில் இறங்கியிருக்கிறது.

பழைய சிமென்ட் தரை இருந்தவரை பிரச்சினை இல்லை. சிமென்ட் தரை பெருந்தன்மையானது, எதையும் காட்டிக்கொடுக்காது. தறியை விற்று, குழியில் மணல் கொட்டி மூடி, மகன் ஆசைப்பட்டுக் கூடம் முழுக்க இரண்டுக்கு இரண்டு டைல்ஸ் போட்டான். குஜராத் மோர்பியிலிருந்து லாரியில் வந்த, தந்த நிறத்தில், முகம் தெரிகிற டைல்ஸ். முகம் தெரிகிற தரையில் துடைத்த கோடும் தெரியும் என்று கடைக்காரர் சொல்லவில்லை.

முதல் சண்டை மாமியோடு. மாமி பினாயிலைக் கண்ணளவில் ஊற்றுகிறவர். வாசனை தெருமுனை வரை போனால்தான் துடைத்த திருப்தி. மாமா ஒரு மூடி போதும் என்பார். கூடுதலாக ஊற்றியது தரையில் படலமாகத் தங்கி, காய்ந்ததும் வரிவரியாகத் தெரியும்; அதன் மேல் நடந்தால் அழுக்கும் ஒட்டும். இதில் மாமா சொல்வதுதான் சரி. வெள்ளிக்கிழமை சண்டை வேறு ரகம். திருஷ்டிக்காக வாளியில் ஒரு கைப்பிடி கல் உப்பும் மஞ்சளும் போடுவது மாமியின் வழக்கம். தண்ணீர் காய்ந்தால் உப்பு எங்கே போகும்? பூத்துக்கொண்டு அங்கேயேதான் இருக்கும். "கண்ணேறு போவுதோ இல்லியோ, என் கண்ணு போவுது" என்று மாமா புலம்புவார். கடைசியில் உப்பு மஞ்சள் தண்ணீர் வாசல்படிக்கு மட்டும் என்று ராஜியானார்கள்.

உப்பை நிறுத்தியும் கோடு போகவில்லை. அப்போதுதான் அவருக்குச் சாயப் பட்டறை ஞாபகம் வந்தது. கச்சாப் பட்டில் ஏறக்குறைய கால்வாசி கோந்து. அதைப் போக்கச் சோப்புத் தண்ணீரில் வேகவைப்பார்கள். தண்ணீர் உப்புத் தண்ணீராக இருந்தால் சோப்பு நுரைக்காமல் திரிந்து, பிசுக்காக நூல் மேலேயே படியும். சாயமும் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் செய்கிற வேலை அது. பட்டுக்கு ஆகாதது டைல்ஸுக்கு மட்டும் ஆகுமா? மறுநாள் இருபது லிட்டர் கேன் தண்ணீரைச் சாய்த்து வாளியில் ஊற்றினார். மாமி கூடத்து நடுவில் நின்று, "குடிக்கிற தண்ணில தரையைத் தொடைக்கிறாரே இந்த மனுஷன்!" என்று தெருவுக்கே அறிவித்தார். பேரனிடம் நான் விசாரித்தேன். கேன் தீர்ந்த நாட்களில் தாத்தா போர் தண்ணீரைக் குடித்துக்கொள்கிறாராம்.

அவர் துடைப்பதை ஒருமுறை முழுக்கப் பார்த்தேன், கட்டில் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு. முதலில் பெருக்கல், மூலைமுடுக்கு விடாமல். மண் இருந்தால் ஈரம் பட்டுச் சேறாகி இழுபடும். பிறகு இரண்டு வாளி, ஒன்று நனைக்க, ஒன்று அலச. மாப்பை ஓரமாகச் சாய்த்துவிட்டார். துடைக்கிற துணியைத் தூக்கிப் பிடித்தால் சொட்டக் கூடாது, அதற்கு முறுக்கத் தன் கைதான் சரி என்று பழைய வேட்டித் துணியை எடுத்தார். நின்றுகொண்டே துடைத்துப் பிழியும்படி மாப்பையும் வாளியையும் 1956இல் ஸ்பெயினில் மானுவல் ஹாலோன் கொரோமினாஸ் என்கிற விமானப் பொறியாளர் வடிவமைத்தார். முட்டி போட்டுத் துடைத்த எத்தனையோ பெண்களை எழுப்பி நிற்கவைத்த புண்ணியவான். மாமா அவர் பாடுபட்டதையெல்லாம் வீணாக்கிவிட்டு மறுபடி முட்டி போட்டார். ஒரு தடவைக்கு நான்கு டைல்ஸ். ஈரத் துணி போன கையோடு இடது கையால் உலர்ந்த துணி. தண்ணீர் தானாகக் காயக் காத்திருந்தால் அது தன் தடத்தை விட்டுவிட்டுத்தான் போகும், அதற்கு முன் ஒற்றி எடுத்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி. அறைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றி, உள்ளிருந்து வாசலை நோக்கிப் பின்னாலேயே நகர்ந்து வந்தார். முடிந்ததும் கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்து, வாசல் வெளிச்சத்துக்கு எதிராக ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். புதிதாக வந்த தபால்காரர் இதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டில் ஆள் கூப்பிடப் போனதாகக் கேள்வி.

திங்கட்கிழமை மட்டும் அவருக்கு அவஸ்தை. மகன் விடிகாலையில் சென்னைக்குக் கிளம்புவான். ஊருக்குப் போனவர் போய்ச் சேரும்வரை வீட்டைக் கூட்டித் துடைக்கக் கூடாது என்பது மாமியின் சட்டம். மாமா வாளியில் தண்ணீரை நிரப்பி வைத்துக்கொண்டு போனைப் பிடிப்பார். "காஞ்சிபுரம் தாண்டிட்டியாப்பா? சுங்குவார்சத்திரம் வந்துடுச்சா? பூந்தமல்லில டிராபிக்கா?" புள்ளை மேல் எவ்வளவு பாசம் என்று மாமி பக்கத்து வீட்டில் சொல்லி மாய்ந்துபோகிறார்.

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது என் நேரம், தரை காய்ந்திருந்தது. உள்ளே விட்டார். கூடம் முழுக்க ஒரு கீறல் கோடு இல்லை. நானும் சும்மா இருக்காமல் அவரைப் போலவே சாய்ந்து பார்த்தேன். ஜன்னலோரம், தறிக்குழி இருந்த இடத்தில், மணல் இறங்கி நான்கு டைல்ஸ் லேசாகத் தாழ்ந்திருக்கிறது. துடைத்த ஈரம் ஓடி வந்து அங்கே சேர்ந்து, காய்ந்து, தட்டு அகலத்துக்கு வெள்ளை வளையமாக நின்றிருந்தது. பெயர்த்து எடுத்து மட்டம் பார்த்துப் போட்டுத் தருகிறேன் என்று கொத்தனார் இரண்டு முறை வந்தாராம். மாமா, "அப்பறம் பாத்துக்கலாம்" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டாராம். மருமகள்தான் சொன்னாள்.

நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து, நாலு காலும் சரியாக வளையத்தைச் சுற்றி வரும்படி போட்டு, "உக்காருப்பா, ஏன் நிக்கிற?" என்றார்.